எடைமேடை வரிசையில் ஒரு வடைச்சட்டி

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் தீவின் வடக்கே குட்லண்ட்ஸ் ஊர்ப் பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்களுக்கு மழையைவிடப் பெரிய கவலை எடைமேடை வரிசைதான். விடிந்ததும் விடியாததுமாக மாட்டுவண்டிகள் கரும்பை ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றுவிடும். வரிசை நகர்ந்தால்தானே! நிற்கிற மனிதனுக்குப் பசிக்கும். அந்தப் பசியை நம்பித்தான் அலமேலு அங்கே வடைச்சட்டி வைத்திருந்தாள்.

புருஷன் போன பிறகு எஸ்டேட்டில் களைவெட்டிக் கொண்டிருந்தவள் அவள். வேலை வாங்கும் சர்தாரின் வசவுக்குப் பயந்து குனிந்தே கிடந்த முதுகை நிமிர்த்தியது இந்தச் சட்டிதான். அவளுடைய மிளகாய் வடை வண்டிக்காரர்களுக்குப் பிடித்துப்போக, மண்வெட்டியை வீசிவிட்டு வந்துவிட்டாள். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று இருந்தாள்.

இந்த வருஷம் அதற்கு ஆபத்து வந்தது. போ பசான் நகரத்திலிருந்து வந்த லூயி என்பவன் சாலைக்கு எதிர்ப்புறம் தகரக்கூரை போட்டு ஒரு கடை திறந்தான். காப்பி, சுடச்சுட ரொட்டி, உட்கார பெஞ்சு. கால்கடுக்க நிற்கிறவன் பெஞ்சைக் கண்டால் விடுவானா? வண்டியை வரிசையில் விட்டுவிட்டு ஒவ்வொருவராக அங்கே போய்க் குந்திக்கொண்டார்கள். அலமேலுவின் வடை ஆறி அவலாய்க் கிடந்தது. இப்படியே போனால் வெட்டு முடிவதற்குள் மறுபடி மண்வெட்டிதான்.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். வண்டிக்கார ஆறுமுகம் ஒருநாள் வந்து கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, லூயி கடை வரைக்கும் போயிட்டு வந்துடறோம். மாட்டைக் கொஞ்சம் பாத்துக்குங்க."

"என்னது?"

"எப்பவும் பாக்கறதுதானே?" என்று சொல்லிவிட்டு அவன்பாட்டுக்கு நடந்தான்.

எப்பவும் பார்ப்பதுதான். வரிசையில் நிற்கிற மாடு சும்மா நிற்காது, முன்வண்டிக் கரும்பை இழுத்து மெல்லும். அலமேலு வடை விற்றபடியே வரிசை நெடுக நடப்பாள். கழுத்தை நீட்டுகிற மாட்டுக்கு மூக்கில் கரண்டிக் காம்பால் செல்லமாக ஒரு தட்டு. யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை. இப்போது வடை வேண்டாமாம், காவல் மட்டும் வேண்டுமாம்! அவளுக்கு வந்ததே ஒரு கோபம்!

"உங்க மாட்டுக்கு நான் என்ன மாமியாரா? போங்கடா!" என்று கத்தினாள். சட்டியை இறக்கினாள், அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள், கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடையைக் கட்டினாள்.

பாதி வழிகூடப் போகவில்லை, பின்னால் ஒரே கூச்சல். திரும்பிப் பார்த்தாள். ஆறுமுகத்தின் மாடுகள் முன்வண்டிக்காரன் விநாயகத்தின் கரும்பைத் தின்றுகொண்டிருந்தன. விநாயகத்தின் மாடுகள் அதற்கு முன்னால் இருந்த வண்டியை ஒருகை பார்த்துக்கொண்டிருந்தன. தலைவண்டி மாடுகளுக்கு முன்னால் கரும்பு ஏது? அவை வண்டியோடு சாலையைக் கடந்து லூயியின் ரொட்டியைத் தேடிப் போயிருந்தன. பெஞ்சு ஒன்று மளுக்கென்று முறிந்தது. அலமேலு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனசுக்கு அத்தனை குளிர்ச்சி!

ஆனால் ஆறுமுகமும் விநாயகமும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வருஷா வருஷம் சேர்ந்து காவடி எடுக்கிறவர்கள் அவர்கள். அவளுக்குத் தாங்கவில்லை. திரும்பி ஓடினாள்.

"அட அறிவு கெட்டவனுங்களா, முதல்ல மாட்டைப் பிடிங்கடா!"

கரண்டி வேலை செய்தது. மாடுகள் பின்வாங்கின, மனிதர்களும் பின்வாங்கினார்கள். வரிசை ஒருவழியாகச் சீரானது. அவனவன் தன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக நின்றான்.

வெயில் ஏறியது. ஆறுமுகம் தலையைச் சொறிந்தான். "அக்கா... வடை?"

"அடுப்பு அவிஞ்சு போச்சு. லூயி கடையிலே போய்த் தின்னு."

"போனா மாட்டை யாரு பாப்பா?"

"என்னைக் கேட்டா?"

அப்போதுதான் லூயி சாலையைக் கடந்து வந்தான். கையில் ஒரு கரண்டி நிறையத் தணல், கண்ணெல்லாம் மாடுகள் மேல்.

"மதாம், இந்தாங்க நெருப்பு," என்றான் தீவின் கிரியோல் மொழியில். "இவங்க என் கடைக்கு வந்தா மாடும் கூடவே வருது. பாக்கி இருக்கறது ஒரே ஒரு பெஞ்சு."

அலமேலுவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஈரச் சாம்பலை வழித்துப் போட்டாள், தணலை வாங்கினாள், சட்டியை ஏற்றினாள். வாசனை எழுந்ததும் பத்துக் கைகள் நீண்டன. முதல் வடையை லூயிக்குத்தான் கொடுத்தாள். கடித்தான், காரத்தில் கண் கலங்கியது. இன்னொன்று கேட்டான்.

"மதாம், காப்பியை நானும் இங்கேயே கொண்டுவந்து விக்கட்டுமா?"

அலமேலு எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "தாராளமா விக்கலாம். ஆனா வரிசைக்குப் புதுசு நீங்க, கடைசி வண்டியிலிருந்து ஆரம்பிங்க. முன்னாலே என் இடம்."

லூயி காப்பிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கடைசி வண்டிக்கு நடந்தான்.