மாஸ்டர் தைத்த கொடி

தேசிய தினத்துக்கு மலையேறிய தையல்கூடத்துக்காரர்களுக்கு உச்சியைத் தொட்ட பிறகுதான் உறைத்தது: கொடி கீழே வேனிலேயே கிடக்கிறது!

“இத்தனை தையக்காரங்க இருக்கோம், கொடிக்கா பஞ்சம்?” என்று கட்டிங் மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து ஊசிநூலை எடுத்தார். ஐந்து மொழி பேசும் கூட்டம் அது. கொடியின் நிறம் பார்த்து ஒருத்தி துப்பட்டாவைக் கொடுத்தாள், ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்தார். பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்கா மனசே இல்லாமல் புதுச் சால்வையை நீட்டினாள்.

“தையல் கோணிச்சுன்னா இன்னிக்கு உங்களை நான் திட்டுவேன் மாஸ்டர்!” என்றாள்.

மாஸ்டர் பாறையில் உட்கார்ந்து, துணியை மடியில் விரித்துப் பரபரவென்று தைத்து முடித்தார். கம்பில் கட்டித் தூக்கினார்கள். கொடி ஏறியது; கூடவே மாஸ்டரின் வலது காலும் ஏறியது. பேண்ட்டையும் சேர்த்தே தைத்திருந்தார்!

அதற்குள் எவரோ தேசிய கீதத்தைத் தொடங்கிவிட, சிரிப்பை அடக்கமுடியாமல் ஐந்து மொழிக்காரர்களும் குலுங்கிக் குலுங்கிப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் அக்கா சால்வையைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். ஒரு நூல்கூட அசையவில்லை.

ஒற்றைக்காலில் தள்ளாடிக்கொண்டே மாஸ்டர் மார்தட்டினார். “பின்னே, யாரு போட்ட தையலு!”