சகலை கையில் சின்னக் கேமரா

பல்செட்டுக்காரரிடம் ஒன்பது கேமராக்கள் இருந்தன. ஒன்பதையும் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடுக்கினாலும் மூலையில் இடம் மிஞ்சும். எல்லாமே அவர் பிறப்பதற்கு முன்னால் செய்தவை. ஒன்று சிகரெட் லைட்டர் அளவு, ஒன்று தீப்பெட்டி அளவு. இன்னொன்று விரல் நீளத்துக்கு ஓர் உலோகப் பட்டை. அதை இழுத்துத் தள்ளினால் உள்ளே ஃபிலிம் ஒரு படம் நகரும். அந்த ஃபிலிமில் விழும் படம் சுண்டுவிரல் நகத்தளவுதான்.

டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளுக்குப் பொய்ப்பல் செய்வது அவர் வேலை. பகலெல்லாம் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊர்பேர் தெரியாதவர்களுக்குக் கடைவாய்ப் பல் இழைப்பார். வீட்டுக்கு வந்ததும் அதே கண்ணாடியோடு கேமராக்களிடம் உட்கார்ந்துவிடுவார். பழைய கிரீஸ் பிசின்போல் இறுகி ஷட்டரைப் பிடித்துக்கொள்ளும். பஞ்சில் லைட்டர் பெட்ரோலைத் தொட்டு அதைக் கரைத்தெடுக்க வேண்டும். பிறகு குண்டூசி முனையில் நிற்கிற அளவு எண்ணெய், அதுவும் சக்கரத்தின் அச்சுக்கு மட்டும். ஷட்டர் தகட்டில் ஒரு பொட்டு பட்டாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அந்த அளவு ஃபிலிமெல்லாம் கடைகளில் எப்போதோ நின்றுபோயிற்று. பெரிய ஃபிலிமை வாங்கி, வெளிச்சம் புகாமல் கை நுழைக்கும் கறுப்புப் பைக்குள் வைத்து, பார்க்காமலே நீளவாக்கில் கிழித்துக்கொள்ள வேண்டும். அதற்கான வெட்டியை அவரே செய்திருந்தார், பொய்ப்பல்லுக்கு ஈறு வைக்கும் ரோஸ் நிற அக்ரிலிக்கில். மேஜையில் அது யாரோ கழற்றி வைத்த வாய்மாதிரி கிடக்கும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருமுறை திடுக்கிடுவார்கள்.

இத்தனை பாடுபட்டு அவர் எடுத்த படம் என்னவென்றால், எதிர்வீட்டுச் செங்கல் சுவர். சுவரை எடுத்து, கழுவி, லென்ஸ் வைத்துப் பார்த்து, ஓரத்துச் செங்கல் நடுச் செங்கல்போலவே தெளிவாக இருக்கிறதா என்று சோதிப்பார். இருந்தால் அன்றைக்கு அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

“என்னங்க, அந்தச் சுவர் எங்கயாவது ஓடியா போகப்போகுது? மனுஷங்களை எடுங்களேன்” என்பாள் மனைவி.

“மனுஷங்க ஆடுவாங்க” என்பார் அவர்.

மனைவியின் தங்கை புருஷன், அதாவது அவருடைய சகலை, லிஃப்ட் மெக்கானிக். பத்து வயது இளையவர். போகிற இடமெல்லாம் கலகலவென்று பேசி, ஐந்து நிமிஷத்தில் அந்த வீட்டுப் பிள்ளைபோல் ஆகிவிடுகிற ஆள். எட்டு மாதத்துக்கு முன்னால் மாமனார் வீட்டில் எல்லோர் எதிரிலும், “அண்ணா, அந்தப் பட்டையை எனக்குக் கொஞ்ச நாள் குடுங்களேன், ஆசையா இருக்கு” என்று கேட்டுவிட்டார். மாமனார் முகத்தைப் பார்த்தபிறகு முடியாது என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்.

சகலை அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். லிஃப்டைச் சரிபார்த்து, ஆட்களோடு மேலும் கீழும் போய்வருவது அவர் வேலையில் ஒரு பகுதி. லிஃப்டில் ஏறும் மனிதர்கள் உம்மென்று நிற்பார்கள்; கதவையும் எண்ணையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். சகலை பையிலிருந்து அந்தப் பட்டையை எடுத்து, “இது கேமரான்னா நம்புவீங்களா? ஒரு படம் எடுத்துக்கவா?” என்பார். எடுத்துக்கோ என்று சொல்கிறவர்களில் ஒருவர்கூட நம்பமாட்டார். ஒருவர் புருவத்தைத் தூக்குவார், ஒருவர் குனிந்து அதை முகர்ந்தே பார்ப்பார், ஒருவர் குபீரென்று சிரிப்பார். அந்த நொடியில் ஒரு ‘டிக்’.

முதல் ஃபிலிமைக் கழுவிக் கொடுத்தவர் பல்செட்டுக்காரர்தான். ஈரம் சொட்டும் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். பாதிப் படம் கோணல். ஒருவருக்குத் தலையில் பாதியைக் காணோம். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு மனிதர் உயிரோடு நின்றார். அடிவயிற்றில் யாரோ தீக்குச்சி கிழித்தமாதிரி இருந்தது.

“கோணலா எடுத்திருக்கியே தம்பி” என்று மட்டும் சொன்னார்.

“எனக்கு அதெல்லாம் எங்கண்ணா தெரியுது, சும்மா அமுக்கறேன்” என்று சிரித்தார் சகலை. அந்த ‘சும்மா’ பல்செட்டுக்காரரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பதினெட்டு வருஷமாக அவர் சும்மா எதையும் அமுக்கியதில்லை.

மாமியார் அந்தப் படங்களில் நான்கைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம், “சின்ன மாப்பிள்ளை எடுத்தது” என்று காட்டினாள். “பெரியவர்தான் கழுவிக் குடுத்தார்” என்று பின்குறிப்பும் சேர்த்தாள். அதைக் கேட்கும்போது, தான் ஏதோ பாத்திரம் கழுவிக் கொடுத்ததுபோல் இருந்தது பெரியவருக்கு.

இதையெல்லாம்கூட அவர் மென்று விழுங்கியிருப்பார். விழுங்க முடியாதது ஒன்று வந்து சேர்ந்தது.

ஒருநாள் மனைவி ஒரு தோழியைப் பார்க்க ஒரு பழைய ஏழுமாடிக் குடியிருப்புக்குப் போனாள். அங்கே லிஃப்டில் சகலை. அந்த வாரம் கழுவிய ஃபிலிமில் ஒன்பதாவது படம் அவளுடையது. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாயைப் பொத்தப்போன கை பாதி வழியில் நின்றுபோக, அப்படியொரு சிரிப்பு. பல்செட்டுக்காரர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எத்தனையோ ஆயிரம் பற்களைச் செய்த மனிதருக்கு, தன் மனைவியின் மேல்வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பியிருப்பது அன்றுதான் தெரிந்தது.

அவள் அந்தப் படத்தை வாங்கி அலமாரிக் கண்ணாடியில் செருகிக்கொண்டாள். தினமும் தலை வாரும்போது பார்த்துக்கொண்டாள். அவர் தன் பழைய உறைகளைக் கொட்டித் தேடினார். அவர் எடுத்த மனைவியின் படங்கள் ஆறு. ஆறிலும் அவள், பாஸ்போர்ட்டுக்கு நிற்பவள்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆடாதே, அசையாதே என்று சொன்னதும் அவரேதான்.

சகலையின் நடத்தையில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் கோபித்துக்கொள்ளவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். இது வெறும் வயிற்றெரிச்சல். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

அந்தச் சமயத்தில்தான் ஏழுமாடிக் குடியிருப்பின் பழைய லிஃப்டை எடுத்துவிட்டுப் புதியது போட முடிவானது. எடுப்பதற்கு முந்தின வாரம் முழுக்க அதில் ஏறுகிறவர்களைப் படம் எடுத்து, ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் சகலையைக் கேட்டார்கள். அவர் தலைகால் புரியாமல் ஓடி வந்தார்.

“அண்ணா, ஷட்டர் ஒட்டிக்குது. நாளைக்கழிச்சு ஆரம்பிக்கணும். நீங்க கை வச்சாத்தான் சரியாகும்.”

“வச்சுட்டுப் போ” என்றார்.

மறுநாள் மாலை கேமராவைத் திறந்தார். கிரீஸைக் கரைத்தார், எண்ணெய் வைத்தார், ஷட்டர் புதிதுபோல் துள்ளியது. லென்ஸைத் துடைப்பதற்காகக் கழற்றினார். அதற்கு அடியில் காகிதத்தைவிட மெல்லிய பித்தளை வளையம் ஒன்று உண்டு. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தூரத்தை அதுதான் காக்கிறது. இவ்வளவு சின்னப் படத்தில் தலைமுடி கனம் தவறினாலும் முகமெல்லாம் மாவாகிவிடும். வளையத்தை இடுக்கியால் எடுத்து மேஜையில் வைத்தார். அலமாரிக் கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். பிறகு வளையத்தை வெளியிலேயே விட்டுவிட்டு லென்ஸை முறுக்கி மூடினார்.

கை நடுங்கவே இல்லை. அதுதான் பிறகு அவரை அதிகம் உறுத்தியது.

அந்த வாரம் சகலை ஃபிலிமைக் கழுவக் கொண்டுவரவில்லை. “அவரே கழுவக் கத்துக்கிட்டாராம்” என்றாள் மனைவி. பல்செட்டுக்காரருக்குப் பல் லேபில் வேலை ஓடவில்லை. ஒரு கிழவருக்கு மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தாமல் செய்து, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் குடும்பத்தோடு போனார்கள். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவருகே முதல் படம். பல்செட்டுக்காரர் மங்கலை எதிர்பார்த்துக் கிட்டே போனார். அப்பார்ட்மென்ட் காவலாளியின் மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. மாடி மாடியாக ஏறினார். கண்ணாடி போட்ட ஆசிரியை, தபால் கொண்டுவருபவர், ஈரத் தலையோடு ஒரு பெண். எல்லாமே ஊசிமுனைத் தெளிவு. மூன்றாவது மாடியில், முன்பு எடுத்த அதே படம், மனைவியின் சிரிப்பு ஆளுயரத்துக்கு நின்றது. ஜனங்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்து நின்றாள்.

“இதோ, இவர்தான் எங்க அண்ணா! இவர் கை இல்லேன்னா இதுல ஒரு படம் இல்ல” என்று சகலை கூட்டத்தில் அவரை இழுத்து நிறுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். பல்செட்டுக்காரர் நெருப்பில் நிற்பதுபோல் நின்றார்.

“வாங்கண்ணா, மேல மெஷின் ரூம் காட்டறேன்.”

மொட்டைமாடியில் அந்தச் சிறிய அறைக்குள் போனதும் சகலை கதவைச் சாத்தினார். சிரிப்பு முகத்திலிருந்து போயிருந்தது.

“இந்த வாரம் எடுத்த முதல் ஃபிலிம் முழுக்க மங்கல் அண்ணா. என் கை ஆடுதுன்னு நினைச்சேன். அப்புறம் திறந்து பார்த்தேன். லென்ஸ் உக்கார்ற இடத்துல வட்டமா ஒரு தடம், பளபளன்னு. லிஃப்ட் தண்டவாளத்துக்கு அடியில நாங்களும் இந்த மாதிரி மெல்லிசாத் தகடு வைப்போம். எடுத்துட்டா எடுத்த தடம் சொல்லிடும். கூல்டிரிங்க் டின்னை வெட்டி, தேச்சுத் தேச்சு ஒரு வளையம் செஞ்சேன். ரெண்டு நாள் ஆச்சு.”

பழைய மெஷினில் கயிறு லேசாக அதிர்ந்தது. கீழே யாரோ லிஃப்டைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“மறந்துட்டீங்களா அண்ணா? மறந்துட்டேன்னு சொல்லுங்க, நம்பிடறேன்.”

மறந்துவிட்டேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. “தெரிஞ்சேதான் எடுத்தேன்” என்றார்.

சகலை தரையைப் பார்த்தார். “ஏன்?”

“அவ உன்கிட்ட சிரிச்சா. என்கிட்ட ஒருநாளும் அப்படிச் சிரிச்சதில்ல.”

“என்கிட்டயா? உங்களை மாதிரி நடிச்சுக் காட்டினாங்கண்ணா. கேமராவை எடுத்துக் காட்டினதும், ‘இதைத் தொறந்தா எங்க வீட்டுக்காரர் மூஞ்சி எப்படி ஆகும் தெரியுமா’ன்னு நாக்கைத் துருத்தி, ஒத்தைக் கண்ணை மூடிக் காட்டிட்டு, அவங்களே சிரிச்சுட்டாங்க. நான் அமுக்கினேன், அவ்வளவுதான்.”

ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவருக்கு அதுவும் எரிந்தது. அந்த நடிப்பையும் சகலைதானே பார்த்திருக்கிறான்!

“அந்த முதல் ஃபிலிம்ல ஆறாவது மாடி வயசான தம்பதி இருந்தாங்க. நாப்பது வருஷம் இந்த லிஃப்ட்ல போய்வந்தவங்க. மறுநாளே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. ஆறாவது மாடியில பாருங்க, சுவர் வெறுமனே இருக்கும். அதை எந்த டின்னை வெட்டி நான் சரிபண்றது?” சகலை பையிலிருந்து கேமராவை எடுத்து அவர் கையில் வைத்தார். “உங்க பொருள். வீட்ல யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்.”

பல்செட்டுக்காரரே அன்று மாலை மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் பாதி மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனாள். நான்கு நாள் பேச்சு இல்லை. ஐந்தாம் நாள், “அந்தப் பெரியவங்களுக்கு என்ன வழி?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் லேபில் அரைநாள் லீவு போட்டார். காவலாளியிடம் தம்பதியின் புது விலாசத்தை வாங்கினார். புது ஃபிலிம் கிழித்து, கேமராவில் போட்டு, சகலையின் பணிமனை வாசலில் போய் நின்றார். சகலை வெளியே வந்து, கையிலிருந்த கிரீஸை நிதானமாகத் துடைத்தார்.

“என்கூட ஒரு இடத்துக்கு வரணும். நீதான் எடுக்கணும்” என்றார் பல்செட்டுக்காரர்.

பஸ்ஸில் அரைமணி நேரம் இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு போனார்கள். அங்கேயும் ஒரு லிஃப்ட் இருந்தது, எவர்சில்வர் டம்ளர்போல் பளபளவென்று. பாட்டியம்மாள் சகலையைப் பார்த்ததும், “அட, லிஃப்ட் தம்பி! இங்கயும் ரிப்பேரா?” என்றாள். தாத்தா, “இவ வந்த நாள்லேர்ந்து எல்லா மாடி பட்டனையும் அமுக்கறா, ரிப்பேர் ஆகாம என்ன செய்யும்?” என்றார். அவள் அவர் தோளில் ஒன்று வைத்தாள். ‘டிக்.’

“அண்ணா, நீங்களும் ஒண்ணு எடுங்க” என்று சகலை கேமராவை நீட்டினார். பல்செட்டுக்காரர் வாங்கினார். ஆடாதீங்க என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டார். தம்பதி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அமுக்கினார்.

இரண்டு படத்தையும் அவரே கழுவி, பெரிதாக்கி, மனைவி முன்னால் வைத்தார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“உங்களது பரவாயில்ல. உங்க சகலை எடுத்ததுதான் படம்.”

“ஆமா” என்றார் பல்செட்டுக்காரர். சொல்லும்போது வயிறு எரியத்தான் செய்தது. சகலை எடுத்ததை ஓர் உறையில் போட்டு, ஆறாவது மாடிக்கு என்று மேலே எழுதி, தன்னுடையதை மேஜை இழுப்பறையில் வைத்தார். மனைவி இழுப்பறையைத் திறந்து அதை எடுத்து, இன்னொருமுறை பார்க்க ஜன்னலருகே கொண்டுபோனாள்.