புதன்கிழமைக்கு வைத்திருந்த பெற்றோல்

இரண்டாவது தடவை உறிஞ்சியபோது பெற்றோல் இராமையாவின் வாய்க்குள்ளேயே வந்துவிட்டது. பைப்பை அவசரமாகக் கேனுக்குள் செருகிவிட்டு, கார்க் கொட்டகையின் ஓரத்தில் குந்தித் துப்பினார். பெற்றோல் மாதிரியே இல்லை. வார்னிஷும் புளித்துப்போன ஏதோவொன்றும் கலந்த நாற்றம். கொப்பளிக்கக் கொப்பளிக்க அந்தப் புளிப்பு நாக்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மணி ஏழே கால். சுதாகரன் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் வருவதற்குள் டாங்கியைக் காலி செய்துவிட வேண்டும். அதில் எவ்வளவு கிடந்தது என்பதை வேறு யார் பார்த்தாலும் பரவாயில்லை, சுதாகரன் பார்க்கக் கூடாது.

எல்லாம் மகள் வினோதா செய்த ஏற்பாடு. கொழும்பில் இருந்துகொண்டே காரின் படத்தைப் போனில் போட்டு விற்றுவிட்டாள். வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். "பழைய பெட்ரோலோட ஸ்டார்ட் பண்ணிப் பாத்துறாதீங்கப்பா, எஞ்சினே போயிரும். சந்தியில மெக்கானிக் வேல பாக்குற சுதாகரன் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அவரே வந்து எறக்கித் தருவாரு" என்றாள். வேறு ஆளைக் கூப்பிடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

நோட்டன் பிரிட்ஜ் தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம் போஸ்மாஸ்டராக இருந்தவர் இராமையா. எதையும் முன்கூட்டியே யோசித்து வைப்பவர். ஆனால் இன்று அந்த யோசனை பிசகிவிட்டது. ஒரு கேன் போதும் என்று நினைத்திருந்தார். "ஒரு சொட்டுக்கூட இல்லப்பா" என்று அன்றைக்குச் சொன்னது, இத்தனை வருடத்தில் அவருக்குள்ளேயே பாதி உண்மையாகிவிட்டிருந்தது போலும். கேன் நிரம்பிக் கழுத்துக்கு வந்தது. பைப்பை மடித்துப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். குளிக்கிற வாளி நிரம்பியது. தண்ணீர்க் குடம் நிரம்பியது. கடைசியில் குசினிக்குள் போய், மனைவி மரகதம் தேயிலைச் சாயத்தண்ணி கொதிக்க வைத்துவந்த பெரிய கேத்தலையும் எடுத்து வந்தார். கொட்டகையோரத்து வடிகால் கானில் ஊற்றிவிடலாம்தான். ஆனால் அந்தக் கான் நேரே கீழே தொழிலாளர் லயத்துத் தண்ணீர்ப் பீலிக்குப் போகிறது. லயத்துச் சனங்கள் குடிக்கிற தண்ணீர் அது. அந்தப் பீலிக்குப் பக்கத்து வீடுதான் சுதாகரனுடையது.

அவர் அப்படிச் சொன்னது ஒரு திங்கட்கிழமை. ஊரெல்லாம் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த வருடம் அது. இராமையா கினிகத்தேனையில் மூன்று பகல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்து கொஞ்சம், பிறகு ஹட்டனில் கொஞ்சம் என்று சேர்த்திருந்தார். மரகதத்துக்குச் சிறுநீரகம் பழுது. புதனும் சனியும் கண்டிக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். டாங்கியில் இருந்தது இரண்டு வாரத்துக்குப் போதும். யாராவது திருடிவிடுவார்களோ என்று தினமும் காலையில் காரின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டிக் காது கொடுத்துப் பார்ப்பார். அந்த வருடம் எல்லோரும் அப்படித்தான் வண்டியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாய்கிற நேரம் சுதாகரன் மூச்சிரைக்க ஏறி வந்து கதவைத் தட்டினான். அவனுடைய ஆட்டோவில் பெற்றோல் இல்லை. அவன் அம்மா ராக்காயி தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்தவள், வாசலிலேயே ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டாளாம். அம்புலன்ஸ் வேறு தோட்டத்துக்குப் போயிருந்தது. "ரெண்டு லீட்டரு இருந்தா போதுங்க ஐயா. டிக்கோயா ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருவேன்." ஒரு சொட்டுக்கூட இல்லை என்றார் இராமையா. அவன் இறங்கிப் போனான். உள்ளே படுத்திருந்த மரகதம் மட்டும், "ரெண்டு லீட்டருதானே கேட்டான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ராக்காயியை மறுநாள் விடிந்து கொழுந்து லொறியில்தான் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தாள். வலது கையும் காலும் வரவில்லை. மரகதத்துக்கோ அந்தப் புதன்கிழமையே வரவில்லை. செவ்வாய் இரவு மயங்கியவளை அம்புலன்ஸ் கொண்டுபோனது. திரும்பி வந்தது அவளுடைய உடுப்புப் பைதான். அதற்குப் பிறகு இராமையா காரைத் தொடவில்லை. கீழ்ப் பாதையில் நடக்கவும் இல்லை. அங்கே லயத்து வாசலில் ராக்காயி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். போகிறவர் வருகிறவரையெல்லாம் பாதி வாயால் விசாரிப்பாள். கடைக்குப் போவதானாலும் அவர் பேக்டரியைச் சுற்றிக்கொண்டு மேல் பாதையிலேயே போய் வந்தார். நாள் கணக்கில் யாரோடும் பேசாமலே கழியும். பேசினால் தன் குரலே தடித்துக் கேட்கும்.

கேத்தல் பாதி நிரம்பும்போது கீழே ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மணி எட்டுக்கூட ஆகவில்லை.

சுதாகரன் ஸ்பேனர் சாவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தான். கொட்டகை வாசலில் நின்று கேனைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். குடத்தையும் கேத்தலையும் பார்த்தான். எல்லாவற்றிலும் ஒரே நிறம், கடுஞ்சாயம் போல.

"என்னங்க ஐயா, பெட்ரோல் ஷெட்டே தொறந்துட்டீங்க போல? கியூவுக்கு நம்பர் குடுப்பீங்களா?"

இராமையா பைப்பின் நுனியை மடித்துப் பிடித்தார்.

"உள்ள அடுப்பு கிடுப்பு எரியுதா?"

"இல்ல. இன்னும் பத்த வைக்கல."

"நல்லதாப் போச்சு. இப்பிடித் தொறந்து வச்சா ஊரே எரிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே சாக்கை விரித்துப் போட்டுக் காருக்கு அடியில் நுழைந்தான். மிச்சத்தை அடியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றான். அவனுடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு இராமையா பேசினார்.

"அப்போ அந்த மீட்டர் முள்ளு சரியில்ல, சுதா. எவ்வளவு கெடக்குன்னு எனக்கே..."

"ஐயா." அடியிலிருந்து குரல் வந்தது. கோபம் ஒன்றும் இல்லாத குரல். "அன்னைக்கே தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"கதவத் தட்டுறதுக்கு முன்னாடி கார ஆட்டிப் பாத்துட்டுத்தான் தட்டினேன். நல்லாத் தளும்பிச்சு."

சாவி வழுக்கி இரும்பில் மோதியது. டாங்கியின் மிச்சம் அவன் அடியில் வைத்திருந்த சட்டியில் விழ ஆரம்பித்தது. முதலில் கொட்டியது, பிறகு நூலாக இறங்கியது.

"தெரிஞ்சும் ஏம்பா அப்பக் கேக்காமப் போன?"

"கேட்டேனேங்க."

சட்டியில் விழுந்த நூல் மெலிந்துகொண்டே வந்தது. பிறகு அது சொட்டாகியது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல." சுதாகரன் வெளியே வந்து கையைத் துணியில் துடைத்தான். விரல் இடுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்தான். "அது உங்களத்தான் விசாரிச்சுக்கிட்டு கெடக்கு. போஸ்மாஸ்டர் ஐயா கீழ்ப் பாதையில வர்றதே இல்லையே, நாம என்ன பண்ணிட்டோம்னு."

எஞ்சின் சாமான் கழுவ ஆகும் என்று, இருந்த பெற்றோலையெல்லாம் தன் கேன்களுக்கு மாற்றி ஆட்டோவில் ஏற்றினான். கேத்தலைக் கவிழ்த்து வடியவிட்டு மோந்து பார்த்தான். "இது இனிமே சாயத்தண்ணிக்கு ஆகாதுங்க. வேற ஒன்னு வாங்கிருங்க." அவ்வளவுதான் சொன்னான். ஆட்டோ கீழ்ப் பாதையில் திரும்பி, தேயிலைக்குள் மறைந்து, பீலிக்குப் பக்கத்தில் ஒரு தடவை ஹோர்ன் அடித்தது.

இராமையா கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வாயில் அந்தப் புளிப்பு போகவில்லை. கீழே பனி விலகி லயத்துக் கூரைகள் தெரிய ஆரம்பித்திருந்தன. ஒரு வாசலில் நாற்காலி போட்டிருப்பதும் தெரிந்தது, ஆள் இருக்கிறதா என்று மட்டும் இங்கிருந்து தெரியவில்லை. கேத்தலைக் கீழே வைத்தார். காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். காது கொடுத்துக் கேட்டார். இன்னொரு தடவை, பலமாக ஆட்டினார். கார் மேலும் கீழுமாக ஆடி, ஒரு சத்தமும் இல்லாமல் மெல்ல நின்றது.