ஜனவரியில் விலை விழும்

"அதைச் சுவரோடை ஒட்டி வையாதை, வலன்ரைன்" என்றாள் விமலராணி.

காலையில் இருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் செபமாலையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். புருஷன் பெட்டிக்குள் கிடக்கிறான், இவள் ஸ்பீக்கருக்கு இடம் சொல்கிறாளே, மூளை கலங்கிவிட்டதோ என்று ஒருத்தி மற்றவளின் தொடையைத் தட்டினாள்.

வலன்ரைன், செத்துப்போன சூசைதாசனோடு ஒரே உணவகத்தில் பாத்திரம் கழுவியவன். தமிழ்ச் சங்க மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தனி ஆளாக முதுகில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்திருந்தான். மன்னாரில் செத்தவீடு என்றால் தெருமுனை வரைக்கும் பசாம் பாட்டு, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ஒப்பாரி, கேட்க வேண்டும். பலெர்மோவுக்கு வந்துவிட்டோம் என்பதற்காக ஒரு மனிதனை ஊமையாக அனுப்புவதா என்பது அவன் கட்சி.

"இடமில்லையே அக்கா. வேறை எங்கை வைக்கிறது?"

"ஒட்டி வைச்சா உறுமும். பின்னாலை ஓட்டை இருக்கு, பார். காத்து வெளியிலை வர இடம் வேணும்."

அவன் குனிந்து பார்த்தான். ஓட்டை இருந்தது. பெட்டியை ஒரு சாண் முன்னால் இழுத்துவிட்டு ஆளியைப் போட்டான். பாட்டு வருவதற்கு முன்னால் பெட்டியின் முகத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் சுழன்று ஆடத் தொடங்கின. பிறந்தநாள் விழாக்களுக்கென்றே வாங்கிய சாமான் அது. செத்தவன் முகத்தில் பச்சை விழுந்தது, பிறகு சிவப்பு விழுந்தது. "லைட்டை நிப்பாட்டடா, விசரா!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வலன்ரைன் பதறிப்போய்ப் பட்டன்களை அமுக்க அமுக்க அது இன்னும் வேகமாகச் சுழன்றது. கடைசியில் ஒரு துவாயைப் போட்டு அதன் முகத்தை மூடினான்.

விமலராணிக்குச் சிரிப்பு வந்தது. சூசை இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் ஓட்டியிருப்பார் என்று நினைத்தாள்.

ஸ்பீக்கர் சங்கதியெல்லாம் இந்த வருடக் கோடையில் அவரோடு அலைந்து கற்றதுதான். அதற்கு முன்னால் வீட்டில் பாட்டுக் கேட்பதென்றால் கைத்தொலைபேசியை ஒரு கண்ணாடிக் குவளைக்குள் நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்பது. இத்தனை வருடமாக அதில் குறை காணாத மனுஷன், ஜூன் மாதம் வயிற்று வருத்தம் என்று வேலைக்கு லீவு போட்டு வீட்டில் இருந்த நாளில் திடீரென்று சொன்னார்: "ராணி, உந்தப் பாட்டுக்காரர் எல்லாரும் ஒரே தகரத்துக்குள்ளை அடைபட்டுக் கிடக்கினம். வயலின்காரன் இடப்பக்கம், தபேலாக்காரன் வலப்பக்கம், பாடுறவ நடுவிலை. அப்பிடி ஒருக்கா வீட்டிலை இருந்து கேக்கவேணும்."

அவர்கள் இருந்தது கபோச் சந்தைக்கு மேலே ஒன்றரை அறை வீடு. பெரிய சாமான் வைக்க முடியாது, பெரிய காசும் கிடையாது. நூற்றைம்பது யூரோவுக்கு மேல் ஒரு சதமும் போகக் கூடாது என்று அவள்தான் கோடு கிழித்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேரும் வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் கடைக்குப் போனார்கள். தனியாக அம்பிளிபயர் வாங்கினால் கட்டாது, ஆகவே உள்ளேயே அது இருக்கும் சோடி வேண்டும். அலுமாரித் தட்டு ஒரு சாண் ஆழம்தான், பின்பக்கம் ஓட்டை உள்ளது சரிவராது, முன்பக்கம் ஓட்டை உள்ளது வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து வந்ததில் இரண்டு சோடி மிஞ்சின. கடைக்காரன் பொறுமைசாலி, மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான். சூசைக்கு இடி போல முழங்குவது பிடித்திருந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மற்றதைக் காட்டினாள்.

"உதிலை மேளம் எழும்பி எல்லாரையும் விழுங்குது. இதிலை அவ மூச்சு எடுக்கிறதும் கேக்குது."

சூசை திரும்பவும் இரண்டையும் கேட்டார். "உன்ரை காதுதான் காது" என்று ஒத்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உடுப்புக் காயப்போடும் கயிற்றை எடுத்து அளந்து, தட்டில் ஸ்பீக்கர் நிற்கப்போகும் இரண்டு இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் தள்ளிக் கதிரையைப் போட்டு, அதில் ஏறிச் சப்பாணி கட்டி இருந்து பார்த்தார். வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்தார். வயிற்றுப் புண்ணுக்காகக் காரத்தைக் குறைத்ததில் ஆள் மெலிந்துபோனார் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

வாங்கவில்லை. அவள்தான் வாங்கவிடவில்லை. "கொஞ்சம் பொறுங்கோ. ஜனவரியிலை சல்டி வரும், விலை விழும்" என்றாள். மலிவு விற்பனை வருமட்டும் பொறுக்காதவள் குடும்பப் பெண்ணா? அவர் சிரித்துக்கொண்டு, "ஓம், ஜனவரியிலை வாங்குவம்" என்றார். இப்போது டிசம்பர் பிறந்து முதல் வாரம்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சிஞ்ஞோரா லூச்சியா வந்தாள். லிபெர்த்தா தெருவில் அவள் வீட்டைத்தான் விமலராணி பதினொரு வருடமாகத் துடைக்கிறாள். கிழவி படியேறிய களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். விமலராணியின் இத்தாலியன் வீட்டுவேலை இத்தாலியன். கறை, இஸ்திரி, கவனம், நாளைக்கு நேரத்தோடு வா. சிஞ்ஞோராவும் அவளோடு அந்த அளவில்தான் பேசுவாள், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. அப்படித்தான் இப்போதும் சொன்னாள்.

"நீ பெரிய மனத்திடம் உள்ளவள், ராணி. ஜூனில் இருந்து என் முன்னால் ஒரு நாள் அழவில்லை."

"ஜூனா?" என்றாள் விமலராணி.

"ஜெசிக்கா வந்து சொன்னாள்தானே. கிறிஸ்மஸ் வரைக்கும்தான் இருப்பார் என்று. அதற்காகத்தான் வெள்ளிக்கிழமையை உனக்கு விட்டேன். அவரோடு இருக்கட்டும் என்று."

எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். ஒன்று கூட விளங்காமல் போகவில்லை.

கோடையில் வெள்ளிக்கிழமை வேலையை நிறுத்தியபோது, கிழவி தன்னை மெல்லக் கழற்றிவிடப் பார்க்கிறாள் என்றுதான் விமலராணி பயந்தாள். கூலியைக் குறைக்கவில்லை, ஆனால் எவ்வளவு நாளைக்கு? வேலை போகப்போகிறது என்ற அந்தப் பயத்தில்தான் அவள் காசை இறுக்கிப் பிடித்தாள், ஸ்பீக்கரை ஜனவரிக்குத் தள்ளினாள். இரக்கப்பட்டு ஒருத்தி கொடுத்த நாளை வைத்துக்கொண்டு அவள் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறாள். இரக்கம் என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

அவள் எழுந்து குசினிக்குப் போனாள். மகள் ஜெசிக்கா காகிதக் கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தொரு வயது; இங்கேயே பிறந்தவள்; ஆஸ்பத்திரி, அலுவலகம் எங்கே போனாலும் எட்டு வயதில் இருந்து தாய்க்கும் தகப்பனுக்கும் வாயாக இருந்தவள்.

"கொப்பருக்கு வயித்திலை புண் எண்டு டொக்டர் சொன்னதா நீதானே சொன்னனீ."

ஜெசிக்காவின் கையில் இருந்த கேத்தில் நின்றது. "அம்மா, இப்ப வேண்டாம். ஆக்கள் இருக்கினம்."

"ஆக்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது."

"டொக்டரிட்டைப் போக முதலே அப்பாதான், என்ன எண்டாலும் சொல்லவேண்டாம் எண்டவர்." அவள் குரல் இறங்கியது. "அம்மாவுக்குத் தெரிஞ்சா இண்டைக்கே செத்தவீடு தொடங்கியிடும், எனக்கு சிரிக்கிற வீடு வேணும் எண்டவர். கை பிடிச்சுச் சத்தியம் வாங்கினவர், அம்மா. நான் என்ன செய்ய?"

"நான் ஜனவரி, ஜனவரி எண்டு சொல்லேக்கை நீ பக்கத்திலைதானே நிண்டனீ?"

"ஓம்."

"ஒரு வார்த்தை சொல்லேலாமல் போச்சோ? வாங்கிக் குடுங்கோ அம்மா எண்டு ஒரு வார்த்தை. காரணம் சொல்லவேண்டாம். அதுகும் சத்தியத்திலை வருமோ?"

"சொன்னா நீங்கள் ஏன் எண்டு கேப்பீங்கள். எனக்கு இன்னுமொரு பொய் சொல்ல ஏலாமல் போச்சு. களைச்சுப் போனன், மா."

மா என்று அவள் சொன்னது சின்னப்பிள்ளை போல இருந்தது. அதற்கு இளகாமல் இருக்க விமலராணி பற்களை இறுக்கிக் கடித்துக்கொண்டாள்.

"அப்பனும் மகளுமாச் சேந்து என்னைப் பேய்க்காட்டிப் போட்டியள். சாகப்போற மனுசனுக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கிக் குடாத கசவாரமா என்னை ஆக்கிப் போட்டியள்."

வாசலில் வலன்ரைன் வந்து நின்றான். "அக்கா, பெட்டி மூடப்போகினம்."

"வலன்ரைன், உனக்கும் தெரியுமோ?"

அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். தெரிந்திருக்கிறது. அவனோடு நின்ற உணவகத்துக்காரருக்கும் தெரிந்திருக்கும், பாதருக்கும் தெரிந்திருக்கும். ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதியைச் சூசையின் பக்கத்தில் படுத்தவள் மட்டும் அறியாமல், சோற்றில் மிளகாயைக் குறைத்துக் குறைத்துப் போட்டிருக்கிறாள்.

பெட்டியை மூடும்போது அவள் அழவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம் வந்து குந்திக்கொண்டிருந்தது. அந்த முகத்தை நன்றாகக் குனிந்து பார்த்தாள். ஐந்து மாதம் தன்னோடு நடித்த முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. நல்ல மனுஷன் போல, சவரம் செய்த முகத்தோடு, சாந்தமாகக் கிடந்தார். செத்தவனிடம் சண்டை பிடிக்க முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "கல்லாப் போனாள், பாவம்" என்றாள் பின்னால் ஒருத்தி.

பூசையும் அடக்கமும் முடிந்து வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துப் போனார்கள். வலன்ரைன் ஸ்பீக்கர் பெட்டியைத் துவாயோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனான். ஜெசிக்கா கூட்டிப் பெருக்கிவிட்டு, எங்கே இருப்பது என்று தெரியாதவள் போல நின்றாள்.

"இஞ்சை வா" என்றாள் விமலராணி. சாப்பாட்டு மேசையைக் கையால் துடைத்தாள். "ஜூன் மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனமே, இது டொக்டர்ரை மேசை எண்டு வை. நான் இதிலை இருந்தனான். கொப்பர் அதிலை. நீ நடுவிலை. இரு."

"அம்மா..."

"இரு. அண்டைக்கு டொக்டர் சொன்னதை முதல்லை இருந்து சொல்லு. ஒண்டும் குறையாதை, ஒண்டும் கூட்டாதை."

ஜெசிக்கா இருந்தாள். கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"கணையத்திலை கட்டி எண்டவர். ஈரலுக்கும் போயிட்டுதாம். வெட்டேலாதாம்."

"பிறகு?"

"மருந்து ஏத்தலாமாம், ஆனா கொஞ்ச நாள்தான் கூடுமாம். அப்பாவுக்கு அது விளங்கினது, வேண்டாம் எண்டு தலையாட்டினவர்."

விமலராணிக்கு அந்தத் தலையாட்டல் நினைவிருந்தது. ஊசி வேண்டாம் என்கிறார் என்று அப்போது அவள் சிரித்திருந்தாள்.

"எவ்வளவு காலம் எண்டு ஆர் கேட்டது?"

"நான்தான். கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கலாம் எண்டார்."

"நோகுமோ எண்டு கேட்டனியோ?"

"இல்லை."

"நான் கேட்டிருப்பன்" என்றாள் விமலராணி. "சரி. பிறகு டொக்டர் என்ரை கையைப் பிடிச்சவர். என்னைப் பாத்துக் கன நேரம் கதைச்சவர். நீ அதுக்கு, காரத்தைக் குறைக்கட்டாம் எண்டு மட்டும் சொன்னனீ. அவர் என்ன சொன்னவர்?"

ஜெசிக்கா வாயைத் திறந்தாள். தமிழ் வரவில்லை. முதலில் இத்தாலியனில் சொன்னாள், டாக்டர் சொன்னது போலவே, வேகமாக. பிறகு நிறுத்தி, ஒவ்வொன்றாக மாற்றினாள்.

"சிஞ்ஞோரா, அவருக்கு என்ன விருப்பமோ அதை இப்பவே செய்து குடுங்கோ. பிறகு செய்வம், பிறகு வாங்குவம் எண்டு ஒண்டையும் தள்ளி வையாதேங்கோ. அது உங்கடை கையிலைதான் இருக்கு... எண்டவர்."

கீழே சந்தையில் இரும்புக் கதவு ஒன்றை இழுத்து மூடினார்கள்.

"அதுக்கு நான் என்ன சொன்னனான்?"

"கிராட்சியே எண்டு நன்றி சொன்னீங்கள்." ஜெசிக்கா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு தரம்."

மேல் வீட்டில் யாரோ தொலைக்காட்சியைப் போட்டார்கள். ஏதோ ஒரு போட்டி நிகழ்ச்சி. ஒருவன் கேள்வி கேட்க, ஒருத்தி கீச்சுக் குரலில் பதில் சொன்னாள். ஜெசிக்கா எழுந்தாள். "நான் போய்க் குறைக்கச் சொல்லிட்டு வாறன்."

"விடு" என்றாள் விமலராணி.

மகள் கதவில் கையை வைத்தபடி நின்றாள். தாய் மேசையில் இருந்து எழும்பவில்லை. பதில் சரியாக இருந்திருக்க வேண்டும். கூரைக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம் நெடுநேரம் கைதட்டிக்கொண்டிருந்தது.