தொடை எலும்பின் விலகல் கடிதம்

"தேதி போடலையே," என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். என் இடது தொடை எலும்பு தேதி போட்டு மறுபடி நீட்டியது. பதினைந்தாம் தேதியோடு விலகிக்கொள்வதாக எழுதியிருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டது. தாலுகா அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் யாருக்கும் நான் அதைப் போட்டதில்லை. இதற்கும் போடவில்லை.

காரணம் நியாயமானது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஆண் ஹார்மோனை நிறுத்தும் ஊசி போட ஆரம்பித்து ஒரு வருடமாகிறது. எலும்புக்குச் சேரவேண்டியதும் அதோடு நின்றுவிட்டது. கால்சியம் மாத்திரைகளை, மனுக்களைப் போல, இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன்.

டாக்டர் நசீமா கடிதத்தைப் படித்தார். "இது போயிட்டா அப்புறம் படுக்கைதான். எலும்பைக் கெட்டிப்படுத்துற மருந்து ஏத்தினா இருக்கும். அதுக்கு முன்னாடி பல்லுங்ககிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. மருந்துக்கு அப்புறம் பல்லைப் பிடுங்கினா தாடை ஆறாம போகலாம்."

இருபத்தாறு பற்கள் அன்றே எழுதிக் கொடுத்தன. கீழ்வரிசைக் கடைசிப் பல் மட்டும், "நாளைக்கு வாங்க," என்றது. மூன்று நாள் அதையே சொன்னது.

"சார், கொஞ்சம் தயவு பண்ணணும்."

"குண்டூசியால குத்தினப்போ இந்த சார் எங்க போச்சு?"

முக்கால்வாசி சொத்தை. கடைசியில் விருப்ப ஓய்வுக்குச் சம்மதித்தது. பிடுங்கிய இடம் ஆற ஐந்து வாரமாகும், அதற்குப் பிறகுதான் மருந்து என்றார் பல் டாக்டர். எலும்பின் கடைசி நாளுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அவகாசம் கேட்டேன்.

"நீங்க யாருக்காச்சும் குடுத்திருக்கீங்களா?" என்றது எலும்பு.

"எனக்கே குடுத்ததில்ல," என்றாள் என் மனைவி செண்பகவல்லி. "சோறு வடிக்கிறதுக்குள்ள செருப்பப் போட்டுட்டு நிப்பாரு."

பல்லுக்கு வழியனுப்பு விழா ஐந்து வாரம் கழித்து என்று அறிவித்தேன். கூட வேலை பார்த்தவரின் விழாவுக்கு முன் யாரும் கிளம்புவதில்லை. எலும்பு முனகிக்கொண்டே பதினைந்தாம் தேதியைத் தாண்டியது. அந்த நாட்களில் மாத்திரையை விழுங்கினேன். காலையில் எலும்புடன் நடந்தேன்.

விழா ஆஸ்பத்திரியில் நடந்தது. பல்லுக்குக் கைக்குட்டையைப் பொன்னாடையாகப் போர்த்தினோம். கேசரி, மிக்சர் இருந்தது. இரண்டு வார்த்தை என்று ஆரம்பித்து எலும்பு கால்மணி நேரம் பேசியது. அதற்குள் எனக்கு ஏற்றிக்கொண்டிருந்த மருந்து முழுக்க இறங்கிவிட்டது. எலும்பு கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

படி இறங்கும்போது செண்பகவல்லியின் வலது முழங்கால் ஓர் உறையை நீட்டியது. பெற்றுக்கொண்டு, தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.