பகையூர்க் கேலரி

லம்ஜத் ஹனாயா ஸ்டேடியத்தின் ஓடுதளத்தில், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நாளைக்கு அவன் நிற்கப்போகும் இடம் அதுதான். ரஸீஃப் ஊர்க் கால்பந்து ரசிகர்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பவன் அவன். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் எந்த மூலையில் சுருதி இறங்குகிறது, எங்கே தொண்டை கட்டிவிட்டது என்று தெரியும். அந்தப் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து சொந்த அணி போட்ட ஒரு கோலைக்கூட அவன் நேரில் கண்டதில்லை. எல்லாவற்றையும் முகங்களில்தான் பார்த்திருக்கிறான். "கல்யாணத்துக்குப் போயிட்டு பொண்ணு மாப்பிள்ளையப் பாக்காம பந்தியப் பாத்துக்கிட்டு நிக்கிற ஆளு நீ" என்று அவன் மனைவி ரவ்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவனுக்கு அதில் குறையொன்றும் இல்லை.

இன்று பார்க்க முகங்கள் இல்லை. கேலரியில் ஆள் இல்லாததால் படிகளில் எழுதியிருந்த பெயர் முழுதாகத் தெரிந்தது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, நீலப் படிகளின் மேல் வெள்ளை எழுத்தில், வலமிருந்து இடமாக ஓடும் அரபியில், ஹனாயா. வருடா வருடம் எதிரணியாக வந்து மூலைக் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இதைப் பார்த்தவன்தான். ஆனால் கூண்டிலிருந்து அது கோணலாகத்தான் தெரியும். அதன் மேல் எப்போதும் ஹனாயாக்காரர்கள் வேறு உட்கார்ந்திருப்பார்கள். நேருக்கு நேர் நின்று பார்த்தபோது பெயர் இவ்வளவு பெரிதா என்றிருந்தது.

புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மொன்ஜி, குழாயைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். ஸ்டேடியத்தைப் பராமரிப்பவர். ஹனாயாவில் பிறந்து ஹனாயாவிலேயே நரைத்தவர்.

"பாத்துட்டியா தம்பி? போன வாரம்தான் இன்னொரு தடவை பெயிண்ட் அடிச்சோம். வீட்டுக்கு விருந்தாளி வர்றப்ப வெள்ளையடிக்க வேண்டாமா."

"நாங்க விருந்தாளி இல்லண்ணே. இந்த வருஷம் பூரா இதுதான் எங்க வீடு."

"அப்படியா. சரி வீட்டுக்காரரே, நாளைக்கு எத்தனை பேரு வர்றீங்க?"

"கேலரி பத்தாது."

"பத்தலேன்னா சந்தோஷம்." மொன்ஜி பல் தெரியச் சிரித்தார். "இடம் காலியா இருந்தா டிவியில எங்க பேரு பளிச்சுனு தெரியும். உங்க சொந்த மேட்சுல எங்க ஊருக்கு விளம்பரம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ரஸீஃபின் சொந்த ஸ்டேடியத்தில், கடல் பக்கத்துக் கேலரியில் கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. என்ஜினீயர்கள் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் பூட்டுப் போட்டார்கள். பழுது பார்த்து முடிக்கும்வரை தற்காலிகமாக ஹனாயாவில் ஆடிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு வந்தது. ஆலிவ் தோப்புகளைத் தாண்டி முக்கால் மணி நேரப் பயணம். தூரம்கூடப் பெரிதில்லை. ஊர் ஊராகத் தேடி, பிறந்த நாள் முதல் பகையாக இருக்கும் ஊரைத்தான் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார்கள்.

லம்ஜத் ஊர் திரும்பிய அன்று சாயங்காலம் துறைமுகத்து காபிக் கடையில் ஆளாளுக்கு ஒரு கவலை. அந்த ஊர்க்காரன் நம் கார் கண்ணாடியை விட்டுவைப்பானா என்று ஒருவர். மத்தியான மேட்சுக்குப் படகுக்காரன் எப்படி வருவான் என்று ஒருவர். தற்காலிகம் என்று போட்ட ஆற்றுப் பாலத்தில் இப்போது தன் பேரன் பைக் ஓட்டுகிறான், இந்த நாட்டில் தற்காலிகத்துக்குத்தான் ஆயுசு கெட்டி என்றார் கடைக்காரர். காலிப் படிகளுக்கு நடுவே ஆடினால் பையன்களுக்குக் கால் வருமா என்று இன்னொருவர்.

ஷாத்லி கடைசியாகப் பேசினான். படகு என்ஜின் மெக்கானிக். கூட்டத்தின் முரசு அவன் கையில். லம்ஜத்துக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பன். அவனுடைய இடது புருவத்தை இரண்டாகப் பிளந்திருக்கும் தழும்பு, ஹனாயாவின் அந்தக் கேலரியிலிருந்து பறந்து வந்த கல் கொடுத்தது.

"நான் வர்றேன். ஆனா அந்தக் கேலரியில உக்கார மாட்டேன். அவன் பேரு மேல உக்காந்துக்கிட்டு நம்ம பாட்டைப் பாடணுமா? எனக்கு வாய் வராது."

"பேரு தெரிஞ்சாத்தானே? நாம உக்காந்து மறைச்சுடுவோம்."

"பாதிப் பேருகூட வரப்போறதில்ல லம்ஜத்."

"வருவாங்க. ஒரு எழுத்து வெளிய தெரியாது. தெரிஞ்சுதுன்னா மெகாஃபோன உன் கையில குடுத்துட்டு நான் கூட்டத்துல போயி உக்காந்துக்கறேன். அதுக்கப்புறம் அதைத் தொட மாட்டேன்."

அவன் வாய்ச்சொல் வீரன் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். வேலை பார்க்கும் ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் நின்றுவிட்டால்கூட, விடிவதற்குள் ஓடும் என்று சொன்னால் ஓடவைப்பவன். அந்த மெகாஃபோன் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பான் என்று அவனே யோசித்ததில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது ரவ்தா தலையில் அடித்துக்கொண்டாள். "உன் வாயை வாடகைக்கு விட்டா நாலு குடும்பம் பிழைக்கும்" என்றாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சித்தி மகன்கள், மச்சான்கள், மீன் மார்க்கெட்டுப் பெண்கள் என்று அவளுக்கும் ஒரு படை உண்டு.

மறுநாள், தெற்கத்தி ஊர் அணியோடு நடக்கவிருந்த மேட்சுக்கு, அவன் நினைத்ததைவிட அதிகமாகவே வந்தார்கள். பஸ், வாடகை வேன், மீன் லாரி, இரண்டு பேர் ஏறவேண்டிய மோட்டார் சைக்கிளில் மூன்று பேர். கறுப்பும் சிவப்புமாகத் தோப்புச் சாலை நிறைந்தது. முதல் பஸ்ஸின் வாசலில் தொங்கிக்கொண்டு லம்ஜத் பாடினான். ஹனாயா எல்லையைத் தாண்டியதும், எதிரி ஊருக்குள் நுழையும்போது பாடும் பாட்டை யாரோ எடுத்தார்கள். கூப்பிடாமலே வந்தோம், கும்பிடாமலே போவோம் என்று அது தொடங்கும். இறங்கினார்கள், குறுகலான வாசலில் வரிசை கட்டினார்கள், சூரியகாந்தி விதைப் பொட்டலங்களைப் பிரித்தபடியே உள்ளே நுழைந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஷாத்லி முரசைக் கால்களுக்கு நடுவே நிறுத்தினான். லம்ஜத் வேலி மேல் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று மெகாஃபோனைத் தூக்கினான்.

தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் ஆட்களுக்குப் பின்னால் கம்பி. பக்கத்தில் கம்பி. கழிப்பறை நாற்றம் வேறு, அதே பழைய நாற்றம். தூரத்தில் வெயிலில், ஒரு ஈ காக்கா உட்காராத கேலரியில், ஹனாயா என்ற பெயர் பளபளத்துக்கொண்டிருந்தது.

இத்தனை வருடப் பழக்கம். பஸ் டிரைவர் தன்பாட்டுக்குப் பின்வாசலில் நிறுத்தியிருக்கிறான், ஆட்டு மந்தை மாதிரி இவர்கள் எதிரணிக் கூண்டுக்குள் நுழைந்திருக்கிறார்கள். சொந்த வீட்டு மேட்சுக்கு வந்து விருந்தாளி மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவும் முன்னால் நடந்து வழிகாட்டியது அவனேதான். காதுமடல் வரை அவனுக்குச் சுட்டது.

வாசலில் இருந்து போலீஸ் அதிகாரி ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நீங்கல்லாம் யாருய்யா?"

"ரஸீஃப்."

"அப்ப இங்க என்ன பண்றீங்க? தெற்கத்தி ஊர்க்காரங்க பஸ்ஸு வந்துக்கிட்டிருக்கு. இது அவங்க இடம்."

பின்வரிசையில் ஒருவன் போனைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "நம்ம பிளேயருங்களும் எதிரணி ரூம்ல போயி டிரெஸ் மாத்திட்டாங்களாம். இப்பத்தான் துரத்தி விட்டிருக்காங்க."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு கூண்டே சிரித்தது. போலீஸ்காரரும் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார். லம்ஜத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எந்திரிங்கடா, வீட்டுக்குப் போலாம்" என்று மெகாஃபோனில் கத்தினான். ஓடுதளம் வழியாக நடந்து போக அதிகாரி அனுமதி கொடுத்தார்.

ஷாத்லி எழுந்திருக்கவில்லை. அவனைப் பார்த்து, பெரியவர்கள் கொஞ்சம் பேர் அவனைச் சுற்றியே உட்கார்ந்துகொண்டார்கள்.

"எனக்கு இங்கயே பழகிடுச்சு" என்றான். "அங்க உக்காந்தா எனக்குப் புருவம் வலிக்கும்."

லம்ஜத் கெஞ்சவில்லை. கெஞ்சினால் ஷாத்லி இன்னும் முறுக்கிக்கொள்வான். "முரசு இல்லாட்டி கை தட்டிக்கறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். நடையில் தளர்ச்சி காட்டவில்லை.

புது இடத்தில் வேலி உயரம். ஏறி நின்று திரும்பினான். வலது பக்கத்திலிருந்து ஆட்கள் ஏற ஏற, எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கறுப்பு சிவப்புக்குக் கீழே போயின. சிலர் உட்காரும் முன் காலால் பெயிண்டைத் தேய்த்துப் பார்த்தார்கள். சிலர் செய்தித்தாளை விரித்து அதன் மேல் உட்கார்ந்தார்கள், எதிரியின் பெயர் தொற்றிக்கொள்ளும் என்பது போல. மேட்ச் தொடங்கும் விசில் ஊதியபோது இடது கோடியில் கடைசி எழுத்து மட்டும் பாக்கி. அது முழுதாக, வெள்ளை வெளேரென்று நின்றது. அதற்கு நேர் கீழே மொன்ஜி கைகட்டி நின்று லம்ஜத்தைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கூட்டம் கைதட்டிப் பாடியது. ஆனால் பல்லில்லாத வாயால் முறுக்கு கடிக்கிற மாதிரிதான் இருந்தது. அவன் கண் பாட்டில் இல்லை, அந்த எழுத்தில் இருந்தது. "தள்ளி உக்காருங்க, கை அகட்டி உக்காருங்க" என்று கத்தினான். அகட்டினால் நடுவில் வெள்ளை தெரிந்தது. சின்னப் போர்வையை இழுத்துப் போர்த்துகிறவன் பாடுதான்.

அப்போது பின்னாலிருந்து முரசுச் சத்தம் கேட்டது. நடக்க நடக்க அடிக்கும் அடி. ஓடுதளத்தில் ஷாத்லி வந்துகொண்டிருந்தான், பெரியவர்கள் பின்னாலேயே. லம்ஜத்தைத் தாண்டும்போது முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"தெற்கத்தி ஆளுங்க வந்து இடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. நீ எந்தப் பக்கம்னு ஆபீசர் கேட்டாரு. வீட்டுப் பக்கம்னு சொன்னேன். அப்ப வீட்டுக்குப் போய்யான்னுட்டாரு. இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே."

"நான் ஒண்ணும் பேசல."

"உன் மூஞ்சி பேசுது."

போய் இடது கோடியில் உட்கார்ந்தான். எழுத்தின் வால் மட்டும் மிஞ்சியது. இடைவேளைக்குச் சற்று முன், வழியில் பஞ்சர் ஆன மீன் லாரி வந்து சேர்ந்தது. ரவ்தாவின் சித்தி மகன்கள், மச்சான்கள், நாலைந்து மார்க்கெட்டுப் பெண்கள், எல்லோருக்கும் முன்னால் ரவ்தா. வாலின் மேல் முந்தானை விரித்த மாதிரி பரவி உட்கார்ந்தார்கள். கேலரியில் இப்போது ஒரு சொட்டு வெள்ளை இல்லை. மொன்ஜி கையைப் பிரித்துவிட்டு அங்கிருந்து நகர்ந்தார். லம்ஜத்துக்குக் கண் கலங்கியது. வெயில் என்று யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் துடைத்துக்கொள்ளாமலே விட்டான்.

அதற்குப் பிறகுதான் பாட்டு பாட்டானது. முரசு ஒரு பக்கம், பெண்களின் குலவை ஒரு பக்கம். ஊரில் கடல் காற்று பாதிச் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இங்கே அது மைதானத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாம் பாதி முழுக்க அவன் ஒரு எழுத்தும் தெரியாத அந்தக் கேலரியையே பார்த்துக்கொண்டு பாடினான். இனி யார் வந்து கேட்டாலும் இது எங்கள் வீடு என்று சொல்லலாம் போலிருந்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரம் முகங்கள் மாறின. வாய்கள் பாட்டை விட்டுவிட்டுத் திறந்தன. அவனுக்குப் பின்னால் யாரோ பந்தோடு ஓடுகிறார்கள். ரவ்தா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். ஷாத்லியின் குச்சி காற்றில் நின்றது.

பிறகு கோல் என்று அலறிக்கொண்டு கேலரி மொத்தமும் அவன் மேல் இறங்கியது. படிகளில் குதித்து, உருண்டு, ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து வேலியை மோதினார்கள். யாரோ அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். யாரோ முட்டியில் முத்தம் கொடுத்தார்கள். யாரும் எடுத்துக்கொடுக்காமலே அடியில் பாட்டு கிளம்பிவிட்டது. ஷாத்லி வேலியில் பாதி ஏறி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே மேலே கை காட்டினான்.

"அங்க பாருடா. அத்தனை எழுத்தும் தெரியுது. மெகாஃபோனக் குடு."

லம்ஜத் பார்த்தான். ஒரு ஆள் இல்லை. படிகள் முழுக்க விதைத் தோலும், கழற்றிப் போட்ட கோட்டும், கிழிந்த செய்தித்தாளும். அவற்றுக்கு ஊடாக, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, ஹனாயா. நடு எழுத்தின் மேல் யாரோ விட்டுவிட்டு ஓடிவந்த செருப்பு ஒன்று, குதிகால் மேலே பார்க்க, தனியாகக் கிடந்தது.