உண்டியல் பன்றி

டெல்பின் தன் நாற்காலியைக் காசு போட்டு ஆடும் இயந்திரத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கழிவறைப் பக்கம் போனாள். அமெரிக்காவின் ரீனோ நகரத்துச் சூதாட்டக் கூடங்களில் நாற்காலி சாய்ந்திருந்தால் ஆள் திரும்பி வருவார் என்று அர்த்தம். குடிகாரன்கூட அதில் கை வைக்கமாட்டான். மார்வா இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடிப்பது போலப் பாவனை செய்துகொண்டிருந்தாள். அவள் கண் முழுக்க டெல்பினின் திரையில்தான் இருந்தது. அங்கே ஒரு தங்கப் பன்றி. விழுந்த காசையெல்லாம் தின்று தின்று, இன்னும் ஒரு காசு விழுந்தால் வயிறு பிளந்துவிடும் என்பது மாதிரி உப்பிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மார்வா பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவள். அதை விட்டுவிட்டு, மற்றவர்கள் பாதியில் விட்டுப் போகிற ஆட்டங்களைப் பொறுக்கிப் பிழைக்க ஆரம்பித்திருந்தாள். ஆரம்பத்தில் அது சுத்தமான கணக்காக இருந்தது. சேர்ந்துகொண்டே வரும் பரிசுத் தொகை ஐநூறு டாலரைத் தொடுவதற்குள் விழுந்தே ஆகவேண்டும் என்று எழுதி ஒட்டிய இயந்திரங்கள் உண்டு. தொகை உச்சிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது போய் உட்கார்ந்தால் போதும். இப்போது அவற்றையெல்லாம் இளவட்டக் கும்பல்கள் பிடித்துக்கொண்டன. ஒருவன் எழுந்தால் அடுத்தவன் உட்காருகிறான், சாண்ட்விச்சையும் அங்கேயே தின்கிறான். அதனால்தான் மார்வா பன்றிகளிடம் வந்தாள். கொழுத்த பன்றி சீக்கிரம் வெடிக்கும் என்று நம்பினாள். வெடிக்கவும் வெடித்தது. வெடிக்காமல் அவள் கைக்காசைத் தின்று தீர்த்ததும் உண்டு. இரண்டில் எது அதிகம் என்று அவள் கணவன் கிளிண்ட் ஒருநாள் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவள் கணக்கு எழுதி வைத்ததே இல்லை.

இன்று மதியத்துக்குள் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பேருந்துப் பணிமனை ரோண்டா காலையிலேயே கூப்பிட்டிருந்தாள். "ஒன் பழைய ரூட்டு காலியா இருக்கு மார்வா. நீ வரலைன்னா மத்தியானம் வேற ஆளுக்குக் குடுத்துருவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது." தன்னிடம் இருப்பது திறமையா, இல்லை இவ்வளவு நாள் அதிர்ஷ்டம்தானா என்று தெரிந்தால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அது தெரியாததுதான் பிரச்சினை.

"இன்னும் இந்தப் பன்னியத்தான் பாத்துட்டிருக்கியா?" எலிசியோ வந்து பக்கத்தில் நின்றான். அவனும் இதே பிழைப்புதான். "அது வெறும் படம். பன்னி குண்டா ஒல்லியான்னு உள்ள ஓடற கணக்குக்குத் தெரியாது."

"நீ உள்ள போய்ப் பாத்தியா?"

"நீ பாத்தியா?"

இரண்டு பேருமே பார்க்கவில்லை.

டெல்பின் திரும்பி வந்தாள். உட்காரவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாய்ந்திருந்த நாற்காலியைத் தானே நிமிர்த்தி மார்வா பக்கம் திருப்பினாள்.

"வா கண்ணு, உக்காரு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. காலையிலேர்ந்து தீனி போட்டு வளத்துருக்கேன்."

"இல்லம்மா, நான் சும்மாதான்..."

"கழுகு எதுக்கு வட்டம் போடுதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. அதுதான் மார்வாவுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் உட்கார்ந்தாள்.

நாலாவது முறை பொத்தானை அழுத்தியதும் பன்றி வெடித்தது. மணிச் சத்தமும் பொன்மழையும் சேர்ந்து வர, அக்கம்பக்கத்துத் தலைகள் திரும்பின. கிளிண்ட்டின் பிக்கப் வண்டிக்கு நாலு டயரும் புதிதாகப் போடலாம், அவ்வளவு பணம். மார்வா, இயந்திரம் தொகையை அச்சிட்டுத் துப்பிய சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: இதோ, பார்த்தாயா, தெரிந்துதானே உட்கார்ந்தேன்? அலைபேசியை எடுத்து ரோண்டாவின் பெயரைத் தேடினாள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

திரையில் பன்றி எலும்பும் தோலுமாக நின்று உதட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"பாவம், பட்டினியா கெடக்கு. நான் கொஞ்சம் சோறு போடறேன்," என்று எலிசியோ விளையாட்டாக உட்கார்ந்து, சட்டைப் பையில் கசங்கிக் கிடந்த ஒரு நோட்டை உள்ளே விட்டான். ஒரே அழுத்தல். அந்த ஒல்லிப் பன்றியும் வெடித்தது. அதே மணி, அதே பொன்மழை.

எலிசியோ கையைப் பொத்தான் மேலேயே வைத்துக்கொண்டிருந்தான். சிரிக்கத் தோன்றவில்லை அவனுக்கு.

"நான் சொன்னேன்ல? வெறும் படம்தான்," என்றான் கடைசியில். குரலில் உறுதி இல்லை.

"ஒரு தடவைதானே வெடிச்சுது."

"ஒனக்கும் ஒரு தடவைதான்."

"எனக்கு முன்னாடியும் வெடிச்சிருக்கு."

"வெடிக்காமலும் இருந்திருக்கு. நாந்தான் பாத்துருக்கேனே."

மார்வா யோசித்தாள். அவளுக்கு வெடித்தது அவள் கட்சிக்குச் சாட்சி. அவனுக்கு வெடித்தது அவன் கட்சிக்கு. இரண்டும் ஒரே பன்றி. தோற்றிருந்தால்கூட ஏதாவது புரிந்திருக்கும் போல. ஜெயித்ததில் ஒன்றுமே புரியவில்லை.

"நீ என்னதான் நெனக்கிற, எலிசியோ? நெசமா சொல்லு."

அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நெசமாவா? இப்ப மறுபடியும் உக்காரலாமான்னு நெனக்கிறேன்," என்றான். பிறகு தனக்கே வெட்கமாகி, பணம் மாற்றுகிற இடத்துக்கு நடந்துவிட்டான்.

அவள் கையிலிருந்த அலைபேசி அடித்தது. ரோண்டா. கூடத்தின் இரைச்சலில் பேச முடியாது என்று மார்வா வாசல் பக்கம் திரும்பினாள். நாலு எட்டு வைத்தவள் என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து நாற்காலியைப் பிடித்து இயந்திரத்தின் மேல் சாய்த்தாள். பழக்கதோஷமா, வேறு ஏதாவதா, அவளுக்கே தெரியவில்லை.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"சொல்லு மார்வா, வர்றியா?"

கண்ணாடிக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே அந்த நாற்காலி தெரிந்தது. சாய்ந்தபடியே இருந்தது. ஆள் திரும்பி வருவார் என்று பக்கத்தில் போனவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.